தாழிக்குள் பல் டாக்டர்

கேட்டைத் திறந்ததும் பாய்ந்து வந்த நாய் லியானாவின் கையை நக்கியது. அவள் புருஷன் மெராபின் கால்சட்டையைக் கடித்தது.

கால்சட்டை கிழிந்தது மெராபுக்குப் பெரிதாகப் படவில்லை. பின்னாலேயே ஓடி வந்த வீட்டுக்காரர் நோதார், இது யாரையும் சும்மா விடாத நாய், போன வாரம்கூடத் தபால்காரரைச் சுவர் ஏற வைத்தது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டாரே, அதுதான் சுருக்கென்றது. யாரையும் விடாத நாய் லியானாவைப் பார்த்து மட்டும் எதற்காக வாலை ஆட்டுகிறது? இந்தப் பக்கமே வந்ததில்லை என்று காலையில் திபிலிசியில் வண்டி ஏறும்போது சொன்னவள் அவள்.

எல்லாமே லியானாவின் ஏற்பாடுதான். திராட்சைக்குப் பேர்போன ககேத்தியில் ஒரு குடும்பம் வீட்டிலேயே ஒயின் போடுகிறதாம், அக்டோபரில் போனால் ஒரு நாள் முழுக்க ருசி பார்க்கலாமாம், ஆபீசில் யாரோ சொன்னார்களாம். இருபத்திரண்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தை யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதவர் மெராப். ஆனால் ஒரு மாதமாக லியானா சரியாகச் சாப்பிடவில்லை, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. காற்று மாறினால் சரியாகிவிடும் என்று நினைத்து ஒப்புக்கொண்டார். மாறப்போவது காற்றுதானா என்ற சந்தேகம் இப்போது நாய் ரூபத்தில் வந்து நின்றது.

நோதாருக்கு ஐம்பது வயது இருக்கும். நல்ல உயரம், வயிறே இல்லை. மெராப் பல் டாக்டர் என்பதால் முதலில் அந்த மனிதரின் வாயைத்தான் பார்த்தார். முப்பத்திரண்டும் சொந்தப் பல், ஒன்றில்கூட அடைப்பு இல்லை. ஒரு ஆளைப் பிடிக்காமல் போக மெராபுக்கு அதுவே போதும்.

வாசலில் நோதார் தன் மனைவியை அறிமுகம் செய்து வைத்தார். பெயரும் சொன்னார். சொல்லிக்கொண்டே லியானாவின் தோளிலிருந்து கோட்டைக் கழற்றி வாங்கினார். மெராபின் கவனம் முழுக்க அந்தக் கோட்டின் மேல் இருந்ததால் பெயர் காதில் விழுந்ததோடு சரி. எதிரே யாரோ கை நீட்டினார்கள், குலுக்கினார். சொந்தப் பெண்டாட்டியின் கோட்டைத் தானே கடைசியாக எப்போது கழற்றி மாட்டினோம் என்று யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை. அதனால் கோபம் இன்னும் அதிகமாயிற்று.

ஒயின் அறை கொல்லைப்புறத்தில் இருந்தது. எங்கள் பக்கத்து வழக்கப்படி ஒயின் ஊறுகிற ஆளுயரத் தாழிகள் எல்லாம் கழுத்துவரை மண்ணுக்குள் புதைந்திருந்தன. வாய் மட்டும் தரையில் வட்டம் வட்டமாகத் தெரிந்தது. நீண்ட மேஜையில் கோப்பைகளும் மண் குடங்களும் இருந்தன. நோதார் முதல் குடத்தை எடுத்தார்.

"லியானா, உங்களுக்கு இனிப்பு ஒத்துக்காதே. இதுல ஆரம்பிங்க" என்றார்.

மெராப் கோப்பையைக் கீழே வைத்தார். "அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நோதாருக்கு இருமல் வந்தது. "இருபது வருஷமா வர்றவங்களுக்கு ஊத்திக் குடுக்கறேன் டாக்டர். மூஞ்சியப் பாத்தா தெரிஞ்சுடும்."

"என் மூஞ்சியப் பாத்தா என்ன தெரியுது?"

நோதார் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். தேவைக்கு மேலேயே பார்த்தார். அப்புறம், ஒன்றும் தெரியவில்லை என்று மெதுவாகச் சொன்னார். அதில் ஒரு நிம்மதி இருந்த மாதிரி மெராபுக்குத் தோன்றியது. நம்மை ஒன்றும் தெரியாதவன் என்கிறான் என்று எடுத்துக்கொண்டார்.

இந்த ஆளை ஒயின் விஷயத்திலேயே மட்டம் தட்டிவிட வேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தார் மெராப். அதன்பிறகு எதை ஊற்றினாலும் குறை சொன்னார். முதலாவது தண்ணீர் மாதிரி இருக்கிறது. இரண்டாவதில் திராட்சைத் தோல் வாசனை தூக்கல். மூன்றாவது வயசுக்கு வரவில்லை. லியானா ஒவ்வொன்றையும் கண்ணை மூடிக் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றாள். அவள் தலையாட்ட ஆட்ட இவருடைய விமரிசனம் கடுமையானது.

நான்காவது குடத்தை நோதார் தேடிக்கொண்டிருந்தபோது, மேஜை ஓரத்தில் தனியாக இருந்த ஒரு குடம் மெராபின் கண்ணில் பட்டது. நல்ல சரக்கை ஒளித்து வைத்திருக்கிறான், ஆள் இல்லாதபோது அவளுக்கு மட்டும் ஊற்றுவான் என்று கணக்குப் போட்டு, தானே எடுத்து ஒரு கோப்பை நிறைய ஊற்றி ஒரே மூச்சில் குடித்தார். வாயில் கொஞ்ச நேரம் வைத்துச் சுழற்றவும் செய்தார்.

"இதுதான் ஒயின்" என்றார். "இதுல ஆழம் இருக்கு. ஒண்ணு மாத்தி ஒண்ணு எத்தனை ருசி வருது பாருங்க. இதை எங்களுக்குக் குடுக்காம மத்ததை ஊத்திட்டிருக்கீங்க."

நோதார் தரையைப் பார்த்தார். வீட்டுக்காரம்மா வந்து சத்தமில்லாமல் அந்தக் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். லியானாதான் கடைசியில் அவர் காதருகே குனிந்து விஷயத்தைச் சொன்னாள். காலையில் ஜெர்மனியிலிருந்து ஒன்பது பேர் ருசி பார்க்க வந்திருந்தார்களாம். அவர்கள் ஊரில் ருசி பார்த்தால் விழுங்க மாட்டார்களாம். துப்புவதற்கு வைத்த குடமாம் அது.

மெராபைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஒயினை வாயில் வைத்துவிட்டுத் துப்புகிற மனிதனை எங்கள் நாட்டில் யாரும் பார்த்ததில்லை, அதற்கென்று ஒரு குடம் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? ஆனாலும் நோதாரின் கொல்லையில் போய் மூன்று முறை வாய் கொப்பளித்துவிட்டுத் திரும்பி வந்தவருக்கு, ஜெர்மானியர் மேல் வராத கோபம் நோதார் மேல் வந்தது. சிரிக்காமல் இருந்தார் பாருங்கள், அந்தப் பெருந்தன்மைதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது. அது போதாதென்று, கை கழுவப் போகிறேன் என்று எழுந்த லியானா யாரையும் கேட்காமல் இடதுபுறம் திரும்பி, இரண்டாவது கதவைத் திறந்து, சரியாகக் குளியலறைக்குள் போனாள்.

சாப்பாட்டு மேஜையில் மெராப் இன்னொரு வழி பார்த்தார். எங்கள் பந்தியில் தமதா என்று ஒருவர் உண்டு. யார் பெயரைச் சொல்லிக் கோப்பை உயர்த்துவது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. வழக்கமாக வீட்டுக்காரரே தமதாவை நியமிப்பார், பெரும்பாலும் தானே இருந்துவிடுவார். நோதார் தமதாவானால் பெண்களைப் புகழ்கிற கோப்பை வரும், அந்த முப்பத்திரண்டு பல்லும் லியானாவைப் பார்த்துச் சிரிக்கும். ஆகவே மெராப், யாரும் கேட்காமலே எழுந்து நின்று, இன்றைக்கு நான்தான் தமதா என்று அறிவித்துவிட்டார்.

நோதார் கொஞ்சமும் மறுக்கவில்லை. "அதைவிடப் பெருமை ஏது டாக்டர்" என்று கோப்பையை நிரப்பினார். தமதாவானவர் ஒவ்வொரு கோப்பையையும் அடி தெரியக் குடித்தாக வேண்டும் என்பது மெராபுக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

கடவுளுக்கு ஒன்று, அமைதிக்கு ஒன்று, போய்ச் சேர்ந்தவர்களுக்கு ஒன்று என்று போயிற்று. வீட்டுக்காரம்மா வால்நட் அரைத்துத் தடவிய கத்தரிக்காயும், பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியும், திராட்சைக்கொடிச் சுள்ளியில் சுட்ட பன்றிக்கறியும் கொண்டுவந்து வைத்துக்கொண்டே இருந்தாள். உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டாள். மெராப் ம் என்றார். இன்னும் இரண்டு துண்டு வைக்கட்டுமா என்றாள். அதற்கும் ம் என்றார். தட்டு நிறைவதும் காலியாவதும் அவருக்குத் தெரியவில்லை. அவர் கண்கள் நோதாருக்கும் லியானாவுக்கும் நடுவில்தான் போய்ப் போய் வந்துகொண்டிருந்தன.

ஐந்தாவது கோப்பையை அவர் விசுவாசத்துக்காக உயர்த்தினார். கட்டின புருஷனை விட்டு அடுத்தவன் வாசலை எட்டிப் பார்க்காத பெண்களைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். பேச்சு நன்றாக வந்திருப்பதாக அவருக்கே பட்டது. ஆனால் தமதா பேசியபின் மற்றவர்களும் ஆளுக்கு இரண்டு வார்த்தை சேர்க்க வேண்டுமே. நோதார் எழுந்தார்.

"நான் ஒண்ணே ஒண்ணு சொல்றேன்" என்றார். "மனசுல ஒரு கேள்விய வெச்சுக்கிட்டு, அதைக் கேக்கவும் தைரியம் இல்லாம, கேக்காம இருக்கவும் முடியாம, பக்கத்துலயே படுத்துத் தூங்கறவங்க இருக்காங்க. அவங்களுக்காக."

லியானாவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் கோப்பையை நோதாரின் கோப்பையில் மோதிய விதத்தைப் பார்த்து மெராபுக்கு வயிறு எரிந்தது. கால் மணி நேரம் நான் பேசினேன், ஒரு சொட்டு வரவில்லை. இவன் அரை நிமிஷம் பேசினான், பொலபொலவென்று கொட்டுகிறது. இருபத்திரண்டு வருஷத்தில் என் பேச்சைக் கேட்டு இவள் அழுதது ஒரே ஒரு தடவை, அதுவும் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டும் என்று சொன்னபோது.

ஒயினும் எரிச்சலுமாக அவருக்குத் தலை சூடேறியிருந்த நேரத்தில்தான் தாழிப் பேச்சு வந்தது. நாளை மறுநாள் புதுச் சாறு ஊற்ற வேண்டும், ஒரு தாழி இன்னும் கழுவவில்லை, கழுவுகிற ஆளுக்குக் காய்ச்சல் என்று நோதார் சொன்னார். முன்பெல்லாம் தானே இறங்குவாராம். இப்போது முதுகு வலியாம்.

"அவ்வளவு சின்ன வாய்க்குள்ள நீங்க எப்படி நுழைஞ்சீங்க?" என்று லியானா ஆச்சரியமாகக் கேட்டாள்.

அவ்வளவுதான். மெராப் எழுந்து சட்டையைக் கழற்றினார்.

நோதார் எவ்வளவோ தடுத்தார். சாப்பிட்ட வயிறு டாக்டர், குடித்திருக்கிறீர்கள், உள்ளே காற்று கம்மி, நாளைக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஆள் வரும் என்றார். மெராப் ஒரே பிடியில் நின்றார். விருந்தாளி ஒன்றைக் கேட்டுவிட்டால் மூன்றாம் முறை மறுப்பது எங்கள் பக்கம் நடக்காத காரியம். நோதார் பெருமூச்சு விட்டுவிட்டு எல்லோரையும் ஒயின் அறைக்குக் கூட்டிப்போய், கயிற்றில் மெழுகுவத்தியைக் கட்டித் தாழிக்குள் இறக்கினார். அது அணையாமல் எரிந்தது. ஏணியை இறக்கினார். செர்ரி மரப்பட்டையில் கட்டிய தேய்ப்பானைக் கையில் கொடுத்தார்.

"ஒரே ஒரு விஷயம். உள்ள இருக்கற வரைக்கும் பாடிட்டே இருக்கணும். பாட்டு நின்னா ஆளுக்கு மயக்கம்னு அர்த்தம். நாங்க கயித்த எறக்கிடுவோம்."

அது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான். மெராப் கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இறங்கினார். வயிறு தாழியின் வாயில் கொஞ்சம் யோசித்தது. பிறகு உடம்பின் எடை உதவி செய்ய, தொம்மென்று உள்ளே போய்விட்டார்.

மெராபுக்கு முழுசாகத் தெரிந்த பாட்டு ஒன்றுதான். பல் பிடுங்க வருகிற குழந்தைகள் அழுதால் பாடுகிற தாலாட்டு. அதையே பாடிக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தார். தாழிக்குள் தன் குரல் பிரமாதமாக இருக்கிறது என்று முதல் இரண்டு வரி சந்தோஷப்பட்டார். மூன்றாவது வரியில்தான் அவருக்கு உறைத்தது. மேலே அவர்கள் இரண்டு பேரும் இருக்கிறார்கள். கீழே நான் இருக்கிறேன். நானாகவே வந்து குழிக்குள் இறங்கிவிட்டேன். பேசுவதைக் கேட்கலாம் என்றால் பாட வேண்டியிருக்கிறது. பாட்டை நிறுத்திக் கேட்கலாம் என்றால் கயிறு வந்துவிடும்.

மூச்சு வாங்குகிற இடைவெளியில் காதைத் தீட்டினார்.

"...இதுக்கு மேல என்னால தாங்க முடியாது நோதார்." அது லியானா.

"கண்ணே நீ உறங்கு" என்று மெராப் அவசரமாக ஒரு வரி பாடினார்.

"...எனக்கு மட்டும் என்ன, ஒரு மாசமா தூக்கமே இல்ல." அது நோதார்.

"நிலா வந்து பார்க்கும்" என்று பாடும்போது மெராபின் குரல் உடைந்தது. ஒரு மாதம். சரியாக ஒரு மாதமாகத்தானே இவள் சாப்பிடவில்லை.

"...காலையிலேருந்து பாக்கறேன். அவருக்கு இன்னும் ஒண்ணும் தெரியல."

இதைக் கேட்டபின் யாருக்குத் தாலாட்டு வரும்? பாட்டு நின்றுவிட்டது. அந்த அமைதியில் லியானா சொன்னது தெளிவாக உள்ளே விழுந்தது. "வெளிய வந்ததும் போட்டு உடைச்சிடலாம். எதுவா இருந்தாலும் இன்னிக்கு முடிவு தெரிஞ்சாகணும்."

மெராப் சுவரில் சாய்ந்தார். இருபத்திரண்டு வருஷம். அவளுக்குக் குளிருமே என்று குளிர்காலத்தில் கட்டிலின் சுவர்ப்பக்கத்தை அவர் எடுத்துக்கொண்டது, அவள் பல்லில் ஒரு கறைகூட வராமல் வருஷத்துக்கு இரண்டு தடவை தன் கையாலேயே சுத்தம் செய்து கொடுத்தது எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. இவள் இல்லாத வீட்டுக்கு எப்படித் திரும்பிப் போவது என்று நினைத்தபோது நிஜமாகவே மயக்கம் வரும்போல் இருந்தது.

"பாட்டு நின்னுடுச்சு" என்று நோதார் மேலே கத்தினார். கயிறு இறங்கி வந்து மெராபின் மண்டையில் அடித்தது. அவர் அதைத் தள்ளிவிட்டு ஏணியில் விறுவிறுவென்று ஏறினார். தலை வெளியே வந்தது. தோள் வந்தது. கைகள் வந்தன. வயிற்றில் வந்து எல்லாம் நின்றுபோயிற்று. உள்ளே போகும்போது உதவி செய்த எடை, வெளியே வரும்போது கட்சி மாறிவிட்டது.

நோதார் கை நீட்டினார். "உங்க கை எனக்கு வேண்டாம்" என்றார் மெராப். லியானா அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். ஒரு அங்குலம் மேலே வந்து, இன்னும் இறுக்கமாகச் சிக்கிக்கொண்டார். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை. தொட்டியில் வைத்த செடி மாதிரி இடுப்புக்கு மேலே மட்டும் தரையில் நின்றார்.

வீட்டுக்காரம்மா சூரியகாந்தி எண்ணெய்ப் புட்டியோடு ஓடி வந்து அவர் முன்னால் மண்டியிட்டாள். வயிற்றைச் சுற்றி எண்ணெய் ஊற்றினாள். தலைத்துணியை அவிழ்த்து அவர் முகத்திலிருந்த அழுக்கைத் துடைத்தாள். அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு, "மூச்ச நல்லா வெளிய விடுங்க டாக்டர்" என்றாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காரும்மா, மறைக்குது" என்றார் மெராப். அவளுக்குப் பின்னால் நோதாரும் லியானாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதை அவரால் முழுசாகப் பார்க்க முடியவில்லை.

அவள் தள்ளி உட்கார்ந்தாள்.

"லியானா" என்றார் மெராப். "நான் எல்லாத்தையும் கேட்டுட்டேன். நீ இங்க எத்தனை தடவ வந்திருக்க?"

லியானா தலையைக் குனிந்துகொண்டாள். "ரெண்டு தடவ. உங்ககிட்ட சொல்லாமத்தான் வந்தேன்."

"போதும். நீ சந்தோஷமா இரு. நான் இந்த நிமிஷமே கிளம்பறேன்" என்றார் மெராப், இடுப்புவரை தாழிக்குள் இருந்துகொண்டு.

லியானா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகிறாள் என்றுதான் மெராப் நினைத்தார். தோள் குலுங்கிய விதம் வேறு மாதிரி இருந்தது. நோதாரோ முதுகு வலியெல்லாம் மறந்துபோய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

வீட்டுக்காரம்மா கையிலிருந்த எண்ணெயைத் துடைத்தபடி எழுந்து, அந்த இரண்டு பேரையும் பார்த்தாள்.

"உங்க ரெண்டு பேருக்கும் இப்பவாவது சந்தேகம் தீந்துதா? போன மாசம் பரண்ல கெடச்சுதே, அந்தக் காதல் கடுதாசிங்கள காலேஜ்ல இந்த மக்வாலாவுக்கு ரெண்டு வருஷம் எழுதின மனுஷன், காலையிலேருந்து என் கையாலயே சாப்பிட்டுட்டு, இப்ப என்னையே தள்ளி உக்காருங்கறாரு."